தாத்தாவின் பள்ளிக்கூடக் கதையைத் திருத்தியது யார்?

என் அக்கா மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மஞ்சள் வேன் அனுப்பும் ஒரு ஆங்கிலவழித் தனியார் பள்ளி. 'தாத்தா பாட்டி தினம்' கொண்டாடுகிறோம் என்று சொல்லி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் அவர்களுடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் எழுதி, படம் வரைந்து, வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னார். பள்ளிக்குப் போகும் வழியில் புளியங்காய் அடித்துத் தின்றது, ஏரியில் குதித்து நீந்தியது, பக்கிங்காம் கால்வாயில் நண்டு பிடித்தது, கணக்கு வாத்தியார் காதைத் திருகியது, சட்டைப் பையில் நாவல்பழம் நசுங்கி ஆயாவிடம் அடி வாங்கியது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். புளியமரம் ஒன்றை வரைந்து, அதன் கீழே டவுசர் போட்ட பையனாகத் தாத்தாவை வரைந்தாள். டீச்சர் நட்சத்திரம் ஒட்டி அனுப்பினார்.

அதே திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அப்பா சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அவர் எவற்றைச் சொல்லாமல் தாண்டிப் போனார் என்பது எனக்குத் தெரியும். நான் முதுகலையில் சேர்ந்த வருடம், மின்சாரம் போன ஒரு இரவில், ஒரே ஒரு முறை அவற்றை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிள்ளை தூங்கிய பிறகு கேட்டேன். "ஏம்பா, தண்ணிப் பானை கதைய ஏன் சொல்லல?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவளுக்கு ஒம்பது வயசும்மா. அத்தன புள்ளைங்க முன்னாடி அவ மட்டும் தனியா நிக்கணுமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடி எழுதியது.

நான் சொல்ல வருவது இதுதான். பள்ளிக்கூட நினைவுகளை இனிப்பாக மட்டுமே கேட்கிற ஒரு சமூகம், எங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தங்கள் கதையைத் தாங்களே வெட்டிக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் காலப் பள்ளிக்கூடம், மரத்தடி வகுப்பு, குச்சி ஐஸ், 90ஸ் கிட்ஸ் என்று சமூக ஊடகங்களில் ஓடுகிற ஏக்கம் பொதுவான ஏக்கம் அல்ல. யாருக்குப் பள்ளிக்கூடம் தன் வீட்டின் நீட்சியாக இருந்ததோ அவர்களின் ஏக்கம் அது. எங்களுக்கும் புளியமரம் இருந்தது. ஆனால் புளியமரம் பள்ளிக்கு வெளியே இருந்தது. உள்ளே வேறொன்று இருந்தது.

மூன்று தலைமுறை, மூன்று வகுப்பறை

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. ஊர் என்று சொல்வது வழக்கத்துக்காக. நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே.

அப்பாவைப் பெற்ற ஆயா நாற்பதுகளில் சேரியில் இருந்த பள்ளியில் இரண்டு வருடம் படித்தார். 'லேபர் ஸ்கூல்' என்றுதான் கடைசிவரை சொன்னார். 1920க்குப் பிறகு சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்காக நடத்திய பள்ளிகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி அவை. வாத்தியார் ஊர்க்காரர். "சிலேட்டக் கீழ வெச்சிட்டு நாலு அடி பின்னால போய் நிக்கணும். அவரு குனிஞ்சி பார்ப்பாரு. தப்பா இருந்தா குச்சிய எடுத்து எறிவாரு. கிட்ட வந்து அடிச்சா தீட்டாயிடுமே!" இதைச் சொல்லிவிட்டு ஆயா சிரிப்பார். அடிக்கக்கூட எங்களைத் தொடமாட்டார்கள் என்பதை ஒரு நகைச்சுவையாக மாற்றிக்கொண்டுதான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

ஆயாவின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, 1953இல் மூன்றாம் வகுப்பு. அந்த வருடம்தான் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று சரியான பெயரை வைத்தார். வரலாற்றுப் புத்தகங்களில் நாம் படிக்கும்போது தச்சன் மகன் தச்சு கற்பான், குயவன் மகன் பானை செய்யக் கற்பான் என்று உதாரணம் வரும். படியாள் மகன் என்ன கற்பான்? சின்னத் தாத்தா மத்தியானத்தில் ஆண்டையின் மாட்டுத் தொழுவத்துக்குப் போனார். சாணி அள்ளுவது அவருக்கு விதிக்கப்பட்ட 'கைத்தொழில்'. 1954இல் காமராசர் முதல்வராகி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் ஒரு வருடம் மத்தியான வேலைக்குப் பழகிய பையனை ஆண்டை விடவில்லை. திட்டம் போய்விட்டது, சின்னத் தாத்தா தொழுவத்திலேயே நின்றுவிட்டார்.

அப்பா எழுபதுகளின் பிள்ளை. அவர் காலத்தில் ஊர்ப் பள்ளியில் எங்களைச் சேர்க்க மறுக்க முடியாது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு வந்துவிட்டது, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்துவிட்டது. அதனால் உள்ளே விட்டார்கள். சுவரோரம், கதவுப் பக்கம், தனி வரிசை. வகுப்பின் மூலையில் தண்ணீர்ப் பானை, அதன் மேல் டம்ளர். 'காலனிப் பசங்க' டம்ளரைத் தொடக்கூடாது. ஊர்ப் பையன் ஒருவன் மொண்டு ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும். அவன் விளையாடப் போய்விட்டால் தாகத்தோடு இருக்க வேண்டும். அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்: பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. இன்றும் அவர் வெளியே கிளம்பினால் திரும்பி வரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரகக் கல்லுக்கு மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவர், "ஏன் சார் தண்ணியே குடிக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். "பழகிப்போச்சு சார்" என்றார் அப்பா.

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதும் தண்ணீரைப் பற்றித்தான். பியூன் வந்து ஊற்றினால் தண்ணீர், பியூன் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை. உட்காரும் சாக்கை வீட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். சாத்தாராவில் நடந்ததற்கும் எங்கள் ஊரில் நடந்ததற்கும் முக்கால் நூற்றாண்டு இடைவெளி. பானை மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்தது நான். என் வகுப்பில் பானை இல்லை, குழாய் இருந்தது. தனி வரிசை இல்லை. சத்துணவு இருந்தது, எல்லோரும் ஒரே வரிசையில் தட்டு நீட்டினோம். பெருமையாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆசிரியர் படித்துவிட்டுச் சொன்னார்: "எஸ்.சி., எஸ்.டி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க."

உதவித்தொகைக்குப் பெயர் எழுத வேண்டுமாம். எழுந்து நின்றோம். ஆசிரியர் விரல் நீட்டி எண்ணினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி, ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவள், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். கண் சரியாகத் தெரியவில்லை என்று காரணம் சொன்னாள்.

அந்த ஆசிரியர் கெட்டவர் அல்ல. எனக்கு மாலையில் இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு அது ஒரு அலுவலக வேலை, அவ்வளவுதான். இங்கே சாதியைக் காப்பாற்றக் கெட்டவர்கள் தேவையில்லை. பட்டியலைச் சீக்கிரம் முடித்து அனுப்ப நினைக்கிற ஒரு நல்ல ஆசிரியரே போதும்.

செங்கல்பட்டு மண்ணில் பள்ளியும் நிலமும்

"நாலு தலைமுறையில எங்கேர்ந்து எங்கே வந்துட்டீங்க! கொள்ளுத்தாத்தா கைநாட்டு, நீங்க பி.எச்.டி.!" இப்படிச் சொல்லாத நண்பர் இல்லை. முற்போக்குத் தோழர்களும் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இது ஒரு ஏணிக் கதை. காலம் போகப் போகத் தானாகவே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் கதை. எங்கள் மாவட்டத்தின் வரலாறு இதை மறுக்கிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்துத் தாள்களைப் புரட்டும்போது என் ஆயாவின் குரல்தான் எனக்குக் கேட்கும். உழைக்கிற மக்களுக்கு உழுநிலம் மட்டும் இல்லாமல் இல்லை, குடிசை நிற்கிற மண்கூட அவர்களுடையது அல்ல என்பதை அந்த அறிக்கை சொன்னது. மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம். 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணை ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. அதைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1894இல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

இந்த வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நிலமும் கல்வியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தது தற்செயல் இல்லை. குடிசை நிற்கிற மண்ணே ஆண்டையுடையது என்றால், 'என் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறேன், நாளையிலிருந்து மாடு மேய்க்க வரமாட்டான்' என்று எந்த அப்பன் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வான்? பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முதலில் காலை ஊன்றி நிற்க ஓர் இடம் வேண்டும்.

அந்த நிலம் என்ன ஆனது? நூறு வருடம் கழித்து, அதே செங்கல்பட்டில், காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்த வருடம் நான் கைக்குழந்தை. இந்தப் பெயர்களைப் பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. எங்கள் மாவட்டத்துப் பள்ளிகள் பிள்ளைகளை வருடா வருடம் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகின்றன. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் கையை உயர்த்தி எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவனைப் பற்றி மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைக்கு, முப்பது வருடத்துக்கு முன் தன் மாவட்டத் தலைநகரில் நிலம் கேட்டுச் செத்தவர்களைத் தெரியாது. எது பாரம்பரியம், எது மறக்க வேண்டியது என்பதைப் பள்ளிக்கூடம் இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறது.

ஆகவே, ஏணி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு படியையும் யாரோ சண்டை போட்டுப் போட்டார்கள். போட்ட படியை யாரோ பிடுங்கவும் செய்தார்கள்.

ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள்

செங்கல்பட்டு மண் தந்த தலைவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்தவர். 'பறையன்' என்றே பெயர் வைத்து 1893இல் பத்திரிகை நடத்தியவர். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். இவ்வளவு துணிச்சலான மனிதர் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாருடனும் விளையாடவில்லை. மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படிப்பார், மணி அடித்ததும் உள்ளே போவார். வகுப்பு முடிந்தால் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார்.

அது பத்தொன்பதாம் நூற்றாண்டு. இப்போது என் அக்கா மகளைப் பாருங்கள். அவளை வேன் இறக்கிவிடும் இடம் எங்கள் தெரு அல்ல. அக்கா வேண்டுமென்றே மெயின் ரோட்டில், மருந்துக் கடை வாசலில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து நடந்து வருகிறார்கள். ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாது. "உள்ள ரோடு சரியில்ல" என்று சொல்லிவைத்திருக்கிறாள் அக்கா.

கோயம்புத்தூரில் மணி அடிக்கக் காத்திருந்த பையனும், மருந்துக் கடை வாசலில் இறங்கும் இந்தப் பெண்ணும் செய்வது ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு. தான் ஏன் ஒளிகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் இரண்டு குரல்கள் எழும்.

முதல் குரல்: "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்கறா?" 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2022இல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொன்ன காட்சியை நாமெல்லோரும் பார்த்தோம். 2023இல் நாங்குநேரியில் நன்றாகப் படிக்கிற ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இவையெல்லாம் தெற்கிலும் மேற்கிலும் நடப்பவை, எங்கள் பக்கம் அப்படியில்லை என்று வடமாவட்டக்காரர்கள் சொல்லலாம். 2021இல் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியது எந்தப் பக்கம்? அவர் காணொளியில் கேள்வி கேட்ட பிறகுதான் அமைச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், முதல்வர் பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். அவர் வாய் திறக்காமல் போயிருந்தால்?

இரண்டாம் குரல்: "சின்னப் பிள்ளை மனசுல ஏன் வெறுப்ப வெதைக்கறீங்க?" இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் சாதிப் பெருமையை மூன்று வயதிலேயே ஊட்டியிருப்பார்கள். குலதெய்வம், பூர்வீகம், 'நம்மாளு' என்று எத்தனை பெயர்கள்! அதெல்லாம் பண்பாடு. பானையில் தண்ணீர் குடிக்க விடவில்லை என்று சொன்னால் மட்டும் வெறுப்பு. உண்மையில், காரணம் தெரியாத பிள்ளை யாரை வெறுக்கும்? தன்னைத்தான் வெறுக்கும். என் தோழி பெஞ்ச் மாறிய வாரம் நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காலையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன். அப்பா தன் தண்ணீர்ப் பானையைப் பற்றி அதற்கு முன்பே சொல்லியிருந்தால், அது நாற்றமல்ல என்று எனக்குப் புரிந்திருக்கும்.

நாங்கள் சொல்லாத மற்றவை

பிறர் வெட்டிய பகுதிகளை மட்டும் பேசிவிட்டு, நாங்களே வெட்டிய பகுதிகளை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

ஆயா ஏன் இரண்டாம் வகுப்போடு நின்றார்? ஊர் நிறுத்தவில்லை, வீடுதான் நிறுத்தியது. தம்பியைப் பள்ளிக்கு அனுப்பும் வயது வந்ததும், நாற்று நடவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று அவரை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுக் கல்வி வரலாற்றை அப்பா சொல்லும்போது அது ஆண்களின் வரலாறாகவே இருக்கும். "எங்க ஆயா படிக்கல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். படிக்கவில்லை என்பது வேறு, படிக்க விடவில்லை என்பது வேறு.

இன்னொன்று. அப்பாவின் வகுப்பில் ஒரு இருளர் பையன் இருந்தான். சுவரோர வரிசையில் எங்கள் தெருப் பையன்கள் உட்கார்ந்தார்கள் என்று சொன்னேன். அந்த வரிசையிலும் அவன் கடைசி. அவனுக்கும் எங்கள் தெருப் பையன்களுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. அந்த இடைவெளியை வாத்தியார் போடவில்லை. "நாங்கதான் தள்ளி உக்காந்தோம்" என்றார் அப்பா. சில மாதங்களில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். மின்சாரம் போன அந்த இரவில் அப்பா அழுதது தண்ணீர்ப் பானைக்காக இல்லை, இதற்காகத்தான்.

எங்கள் மாவட்டத்து இருளர்களின் அறிவை உலகம் கொண்டாடுகிறது. வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நாமும் பெருமையோடு பகிர்ந்தோம். அதே சமூகத்துப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுச் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுக்கா அலுவலகத்தில் நடையாய் நடக்கும்போது கூடப் போக எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம்? படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை மேடையில் பேசுகிறோம். எங்கள் தெருவுக்கும் இருளர் குடியிருப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு கை இடைவெளியை நாங்கள்தான் மூட வேண்டும்.

அவளைத் தனியாக நிறுத்தாதீர்கள்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவ மட்டும் தனியா நிக்கணுமா?

நிற்கக்கூடாது. அப்பா சொன்னது சரி. ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் நூற்றாண்டுச் சுமையை ஏற்றி வகுப்பு முன்னால் நிறுத்துவது புரட்சி அல்ல. 'எழுந்து நில்' என்று என்னைச் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அவள் தனியாக நிற்க வேண்டியிருக்கிறதே, அது யார் செய்த ஏற்பாடு? அந்த வகுப்பறையை அப்படி வைத்திருப்பவர்கள் மாற வேண்டும், அவள் வாயை மூடிக்கொள்வது தீர்வாகாது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைகளில் கட்டும் சாதிக் கயிறு பற்றிய பரிந்துரைதான் ஊடகங்களில் அதிகம் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி இருக்கக்கூடாது, ஆசிரியர் நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக்கூடாது, உதவித்தொகை விவரங்களைத் தலைமையாசிரியர் தன் அறையில் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்கிறது அந்த அறிக்கை. படித்தபோது எட்டாம் வகுப்பு பெஞ்ச் நினைவுக்கு வந்தது. இதைச் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை, புதுச் சட்டமும் வேண்டாம். நாளைக் காலை முதல் மணியிலிருந்து செய்யலாம்.

சாதியைக் கேட்பதால்தான் சாதி இருக்கிறது, சான்றிதழையே ஒழித்துவிடலாம் என்று இதைத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. சான்றிதழ் எங்கள் உரிமைக்கான ஆதாரம், அது கோப்பில் இருக்க வேண்டும். வகுப்பறையில் விரல் நீட்டி எண்ணுவதற்கு அது தேவையில்லை. இரண்டையும் குழப்புவது அறியாமையில் நடப்பதல்ல.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். அப்பா அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "பேர எடுத்துட்டாங்க, எடத்த?" என்று கேட்டார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதைச் சொல்லி யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது பாடத்தில் வர வேண்டும். ட்ரெமென்ஹீர் அறிக்கையும், இரட்டைமலை சீனிவாசனின் பள்ளி நாட்களும், குலக்கல்வியும், காரணையும் செங்கல்பட்டுப் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டிய உள்ளூர் வரலாறு. பாடத்தில் இருந்தால் அது எல்லோருக்கும் பொதுவான கதையாகிவிடும். அப்போது என் அக்கா மகள் எழுந்து தன் தாத்தாவின் பானையைப் பற்றிச் சொன்னாலும், வகுப்பு அவளைத் திரும்பிப் பார்க்காது, தன் பாடத்தைத் திரும்பிப் பார்க்கும்.

கடைசியாக, இதைப் படிக்கிற இளம் தோழர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்.

எங்கள் வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பெரியவர்களிடம் கேளுங்கள், எழுதிவையுங்கள். வகுப்பில் வாசிக்க வேண்டாம், வீட்டில் வையுங்கள். பிள்ளைக்கு எப்போது சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் யாரோ ஒருவர் பெஞ்ச் மாறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் இருக்கும் வீடுகளிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்குத்தான் அதிக வேலை இருக்கிறது. உங்கள் தாத்தாவும் பாட்டியும் அதே பள்ளிகளில்தான் படித்தார்கள். அவர்களிடம் புளியமரத்தைப் பற்றிக் கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: உங்க வகுப்புல தண்ணிப் பானை இருந்துச்சா? அத யாரெல்லாம் தொடலாம்? சுவரோரம் யார் உட்கார்ந்தாங்க? அவங்க பேரு ஞாபகம் இருக்கா? பாதியில யார் நின்னுட்டாங்க, ஏன் நின்னாங்க?

எங்கள் அப்பா சொல்லாமல் விட்ட பாதி உங்கள் தாத்தாவுக்கும் தெரியும். அந்தப் பானையிலிருந்து மொண்டு ஊற்றிய பையன் அவராகக்கூட இருக்கலாம். அந்தக் கதையை உங்கள் பிள்ளைகள் தங்கள் வகுப்பில் எழுந்து வாசிக்கட்டும். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளை தன் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்வாள்.